மரப்பட்டைப் பெட்டியும் உன் அம்மாவின் பெயரும்

அன்புள்ள ரீத்தாவுக்கு,

நெஞ்சில் கைவைத்து, மூன்று முறை சிலுவை போட்டு, காரைக்கால் கடலைச் சாட்சிக்கு அழைத்து முன்கூட்டியே அறிவித்துவிடுகிறேன்: இந்தக் கடிதத்தில் வரும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பாரீசில் உன் புருஷன் நம்பமாட்டான். தலத்தெருவில் நம் எதிர்வீட்டுக்காரர், நான் மழை பெய்கிறது என்றால் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுப்பவர், அவரும் நம்பமாட்டார். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன், அவர் கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இதுல எவ்வளவு நெசம்?" என்று கேட்டார். பாவமன்னிப்புக்குப் போன இடத்தில் அத்தாட்சி கேட்கப்பட்ட முதல் கிறிஸ்தவன் நானாகத்தான் இருப்பேன். ஊரில் இருக்கிற சின்னப்பிள்ளைகளுக்கெல்லாம் நான் சித்தப்பா, கதை சொல்லும் சித்தப்பா. உனக்கு மட்டும்தான் அப்பா. அந்த ஒரு வேலையைத்தான் நான் சரியாகப் பார்க்கவில்லை.

உன் அம்மா மடத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தாள் என்பதும், மடத்துத் தலைவியான மதருடைய பெட்டியைத் திருடியதால் அந்த வேலை போனது என்பதும் நீ ஒன்பது வயதிலிருந்து நம்பிவரும் விஷயம். அந்த நம்பிக்கையோடுதான் போன மாதம் புருஷன் வீட்டுக்குப் புறப்பட்டாய். ரீத்தா, உன் அம்மா திருடவில்லை. இதை ஒட்டிய கவருக்குள் வைத்து உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் அவளைத் திருடி என்று சொன்னது ஒட்டிய கவருக்குள் நடக்கவில்லை. கோயில் வாசலிலும் மீன்கடையிலும் நடந்தது. ஆகையால் இதை உருட்டச்சில் பல நகல்கள் எடுக்கிறேன். ஒன்று உனக்கு. ஒன்று மடத்துக்கு. ஒன்று பங்குக் கோயில் அறிவிப்புப் பலகைக்கு. மீதி, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பஜ்ஜி மடிக்கக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதமே. அங்கேதான் நிதானமாகப் படிப்பார்கள்.

கதை கனடாவில் தொடங்குகிறது. அங்கே மூஸ் என்று ஒரு மிருகம் உண்டு. நம் ஊர் மானுக்கு அது பெரியப்பா முறை. அதன் கொம்பு எவ்வளவு அகலம் என்றால், கோட்டுச்சேரிமேட்டு மீனவர்கள் அத்தனை பேரும் அதன்மேல் வலையைக் காயப்போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் ஊர்க்கூட்டமும் கூட்டலாம். இதை நான் நேரில் பார்த்ததாகப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மதர் காட்டிய படத்தில்தான் பார்த்தேன். அந்த மிருகத்தின் பிடரியில் வெள்ளையாக, கொஞ்சம் முரடாக, நாலு விரற்கடை நீளத்துக்கு முடி இருக்கும். அந்த நாட்டின் பழங்குடிகளில் வெண்டாட் என்று ஒரு கூட்டத்தார், லொரெத் என்ற ஊரில் இருப்பவர்கள். அந்த வீட்டுப் பெண்கள் இந்த முடிக்குச் சாயம் ஏற்றி, பிர்ச் மரத்தின் பட்டையில் துளை போட்டு, பூவும் இலையும் ஆளுமாகத் தைத்து, பெட்டியும் தட்டும் செய்வார்கள். வீட்டுக்கு வைத்துக்கொள்ள அல்ல. ஊர் பார்க்க வருகிற வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்களுடைய சீமாட்டிகளும் ஞாபகத்துக்கு வாங்கிக்கொண்டு போவதற்காக. நான் கடற்கரைக்குப் போகிற சாலையில் சிப்பி விளக்கும், கொட்டாங்கச்சிக் குரங்கும், பெயர் எழுதிய சங்கும் விற்றேன் அல்லவா, அதே தொழில்தான். என்ன, அவர்கள் வேலை தெரிந்தவர்கள்.

நம் மதர் அந்த லொரெத் இருக்கிற கியூபெக் பக்கத்தவர். அறுபது வயதிருக்கும். நெட்டையாக, எலும்பும் வெள்ளை அங்கியுமாக இருப்பார். அவர் பாட்டி காலத்திலிருந்து வந்த ஒரு பெட்டி அவரிடம் இருந்தது. ஒரு சாண் நீளம். மூடியில் ஒரு ஆண் உட்கார்ந்து புகைக்குழாய் பிடிக்கிறான். பக்கத்தில் ஒரு பெண் கூடையோடு நிற்கிறாள். சுற்றிலும் சிவப்புப் பழமும் நீலப் பூவும். நம் ஊர் உப்புக்காற்று மரத்தைத் தின்னும், இரும்பைத் தின்னும், என் கடையில் பாதியைத் தின்றது. பெட்டியில் அந்துப்பூச்சி ஏறி, அந்தப் பெண்ணின் பாவாடையையும் பாதிப் பூக்களையும் தின்றுவிட்டது. எழுபதுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம், மதர் அதை உன் அம்மாவிடம் கொடுத்துச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். அன்றைக்கு நானும் மடத்துப் பார்லரில், அதுதான் விருந்தாளிகளை உட்காரவைக்கிற அறையில், உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா பெட்டியைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது நூல் இல்லை என்று தொட்டதும் சொல்லிவிட்டாள். மதர் மூஸ் கதையைச் சொன்னார். பட்டு நூல் கப்பலில் வராத காலத்தில் கன்னியாஸ்திரீகளும் இந்த முடியால் தைத்தார்கள் என்றும், யாரிடமிருந்து யார் கற்றுக்கொண்டது என்பதில் இன்றைக்கும் ஒரு முடிவு இல்லை என்றும் சொன்னார்.

உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மதர், இந்தப் படத்துல நிக்கிற பொம்பளையும் இதத் தச்ச பொம்பளையும் ஒரே ஆளா?" என்றாள்.

மதர் யோசித்தார். "அந்தக் கூட்டத்துப் பெண்தான். வாங்குகிறவர்களுக்கு அப்படிப் படம் இருந்தால் பிடிக்கும், செசிலி."

"பேரு எங்கயாவது போட்டிருக்காங்களா?"

"பெயர் போடுகிற வழக்கம் இல்லை. ஞாபகப்பொருள்தானே."

"யாரோட ஞாபகம்?" என்றாள் உன் அம்மா. மதருக்கு அந்தக் கேள்வி புரிந்ததோ என்னவோ, சிரித்துக்கொண்டே காப்பி சொல்லிவிட்டார். எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை. நான் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய பெட்டியில் ஊசி வைப்பதற்கு முன்னால் பழகிக்கொள்ள வேண்டும் என்று, முதலில் அதே மாதிரி இன்னொரு பெட்டி செய்யப்போவதாக உன் அம்மா சொன்னாள். பிர்ச் பட்டைக்குக் காரைக்காலில் எங்கே போவது என்று நான் கேட்டேன். அவள் என்னையும் கூட்டிக்கொண்டு நேராக நாட்டுமருந்துக் கடைக்குப் போனாள். இமயமலையில் விளைகிற பூர்ஜ மரத்தின் பட்டை அங்கே கிடைக்கும். தகடு எழுதவும் தாயத்துக்குள் சுருட்டி வைக்கவும் மந்திரவாதிகள் வாங்குவார்கள். அந்தப் பூர்ஜம் பிர்ச்சுக்குக் கூடப்பிறந்தது என்பதை அவள் எப்படியோ தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்தாள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"டீச்சர், நீங்க வேதக்காரங்க. ஒங்களுக்கு எதுக்கு இந்தப் பட்டை?"

"பொட்டி செய்யங்க."

"பொட்டியா! வசியத்துக்கு வாங்கியிருக்காங்க, பில்லி எடுக்க வாங்கியிருக்காங்க. பொட்டி செய்யன்னு வாங்குற மொத ஆளு நீங்கதான். சாரு ஏதும் ராத்தங்கல் போறாரா?"

"அவருக்கு வசியமெல்லாம் வேணாங்க. போற எடத்துலருந்து அடிச்சு வெரட்டிருவாங்க" என்றாள் உன் அம்மா. கடை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் காலத்தில் உன் அம்மா அப்படிப் பேசுவாள். நான் ஒரு பொய் சொன்னால் அதற்கு வாலும் கொம்பும் வைத்துத் திருப்பித் தருவாள். அவளுக்காகத்தான் நான் பொய் சொன்னேன் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

மூஸ் முடிக்குப் பதிலாகக் குதிரைவண்டிக்காரருடைய வெள்ளைக் குதிரையின் பிடரியும் வாலும். "ரெண்டு முடின்னுதான சொன்னீங்க டீச்சர், எங் குதுரைய சாமியாராக்கிட்டீங்களே" என்று அவர் வாசலில் வந்து அழுதார். வாலில்லாத அந்தக் குதிரை வெட்கத்தில் பின்பக்கமாகவே நடந்து திருநள்ளாறு வரைக்கும் போனதாக நான் ஊரில் பரப்பினேன். மஞ்சிட்டிவேரில் சிவப்பு, அவுரியில் நீலம், மஞ்சளும் அவுரியும் சேர்ந்து பச்சை, எல்லாம் அதே நாட்டுமருந்துக் கடைச் சரக்கு. பூர்ஜப் பட்டை காகிதம்போல மெல்லியது; பெட்டிக்கு ஆகாது. அவள் நாலைந்து அடுக்காக, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி ஒட்டினாள். நம் பக்கத்தில் எதை ஒட்டவும் அதுதானே கைக்கு வரும். அந்தப் பசையை மனதில் வைத்துக்கொள். என்னைக் காட்டிக்கொடுத்தது அதுதான்.

தையல் எப்படி என்று கேள். காய்ந்த முடி ஒடியும். ஆகவே ஆறேழு முடியை வாயில் அதக்கி எச்சிலில் ஊறவிட்டு, ஊசிமுனையால் பட்டையில் துளை போட்டு, கீழிருந்து மேலே இழுத்து, பக்கத்துத் துளையில் இறக்கி, நறுக்க வேண்டும். குதிரை முடியையும் மூஸ் முடி அளவுக்கே வெட்டிவைத்திருந்ததால், நாலு விரற்கடையில் முடி தீர்ந்துபோகும். மறுபடி வாயிலிருந்து ஒன்று. ஏப்ரலும் மே மாதமும் உன் அம்மா வீட்டில் பேசவே இல்லை. சோறு வேண்டும் என்றால் "ம்", வேண்டாம் என்றால் "ம்ம்". அவள் உதட்டோரம் சிவப்பும் நீலமும் ஏறியிருந்தது. பழைய பெட்டியின் பூவில் எத்தனை முடி, எந்தப் பக்கம் சாய்வு என்று எண்ணி எண்ணித் தைத்தாள். ஒரு நாள் மதியம் வாயிலிருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "இந்தப் பொம்பளை எடதுகைக்காரிங்க. துளை எல்லாம் எடதுபக்கமிருந்து வருது. பல்லும் ஒண்ணு இல்ல, முடி நுனியக் கடிச்ச தடம் பாத்தா தெரியுது." நூறு வருடத்துக்கு முன்னால், உலகத்தின் மறுகோடியில், பெயர் தெரியாத ஒருத்தியின் பல் போனதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அதற்காகச் சந்தோஷப்பட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் யார் என்பதைத்தான் அவள் கண்டுபிடித்திருக்கவில்லை.

ஜூன் கடைசியில் இரண்டு பெட்டியும் தயார். மதருடைய பெட்டியில் பூச்சி தின்ற இடங்களெல்லாம் தைத்து முடித்தாகிவிட்டது. பழகுவதற்குச் செய்த பெட்டி பக்கத்தில் வைத்தால் அச்சு அசல். மூடியில் கீழ்வரிசை இலை ஒன்றை மட்டும் முதலில் தைத்ததால் சாய்வு மாறிப்போனது என்று அவள் காட்டினாள், எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை மதரிடம் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய சனிக்கிழமை, அவள் பூசைத்துணி துவைக்கப் போயிருந்த நேரம், இரண்டு பெட்டியையும் ஒரு துண்டில் சுற்றிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். விற்கவா? இல்லை. பெருமை அடித்துக்கொள்ள. இதை நீ நம்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வயதானவர், வெயிலில் மூக்கு உரிந்தவர். நான் வழக்கமான பூசையை ஆரம்பித்தேன். இந்தச் சங்கைப் பிரெஞ்சு ராஜா காதில் வைத்துத்தான் காரைக்கால் அலையைக் கேட்பார். இந்தக் குரங்கைச் செய்தவருக்கு நூற்றுநாற்பது வயது, இன்னும் தென்னை ஏறுகிறார். அவர் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டி ஒவ்வொன்றையும் கீழே வைத்தார். பிறகு துண்டை விலக்கி மதருடைய பெட்டியை எடுத்தார். அவர் முகம் மாறியது. "லொரெத்," என்றார். ரீத்தா, முப்பது வருடமாக வாயில் வந்ததையெல்லாம் சொல்லி விற்றவன் நான். அன்றைக்கு முதன்முறையாக, என் அரைகுறைப் பிரெஞ்சில், மதர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மூஸ் முடி, பிர்ச் பட்டை, வெண்டாட் பெண்கள். அந்த மனிதர் என் கண்ணையே பார்த்துக் கேட்டார். நான் சொன்னதை ஒருவர் நம்பினார். அது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சாராயம் எல்லாம் அதற்குப் பக்கத்தில் வராது. என்ன விலை என்று அவர் கேட்டபோது, இது விற்பனைக்கு இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் இன்னும் கொஞ்சம் மதித்திருப்பார். ஆனால் நான் வியாபாரி. விலை சொன்னேன். பேரம் பேசாமல் கொடுத்தார்.

போவதற்கு முன்னால் இன்னொரு பெட்டியையும் எடுத்துப் பார்த்தார். பட்டையைத் தடவினார், மூக்கில் வைத்தார். "இது அங்கிருந்து வந்ததல்ல. ஆனால் இதைச் செய்தவர் பெரிய ஆள். யார்?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் மனைவி என்று சொல்லவில்லை. "என் பட்டறையில் நாற்பது பெண்கள் வேலை செய்கிறார்கள்" என்றேன். அவர் ஒரு நொடி பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. அந்தப் பெட்டியை மெதுவாக வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதருடைய பெட்டி அவர் கையிடுக்கில் போனது. எவள் தைத்தாளோ, அவளும் பெயரில்லாமல் போனாள். என் வீட்டில் இருப்பவளுக்கும் அதே மரியாதையை அதே ஐந்து நிமிடத்தில் நான் செய்துவைத்தேன்.

உன் அம்மா செய்த பெட்டியைப் புது நாளிதழில் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகச் சணல் போட்டு, மடத்துக்கு என்று நானே கட்டித் தந்தேன். பழகின பெட்டி எங்கே என்று கேட்டாள். கடையில் காட்சிக்கு வைத்தேன், ஒருத்தர் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றேன். "நெசமாவா? நான் செஞ்சதையா?" என்று அவள் முகம் மலர்ந்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு நாலு நாள் ஆனது. திங்கட்கிழமை அவள் அந்தக் கட்டைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். மதர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பிரித்துப் பார்த்து, கையைத் தட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து அவளைக் கட்டி அணைத்துக்கொண்டாராம். வந்த பணத்தில் நான் கடைக்கு ஒரு பலகை எழுதினேன். மூன்று ஆள் நீளம், தங்கப் பெயிண்டில் "அகில உலக அபூர்வக் கலைக்கூடம்". அதன் பளபளப்பில் இலங்கையில் கோழி கூவியதாகப் பேச்சு.

ஐப்பசி மழை பிடித்தது. மதருடைய அலமாரிக்குள் ஈரம் இறங்கியது. உண்மையான பிர்ச் பெட்டிக்கு அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. பாட்டி காலத்திலிருந்து எத்தனையோ ஈரம் பார்த்தது. புளியங்கொட்டைப் பசையோ சோறு மாதிரி. பூசணம் பூத்தது, வண்டு வைத்தது, அடுக்கு அடுக்காகப் பட்டை பிரிந்தது. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பொம்மை எடுக்க அலமாரியைத் திறந்தவர்கள் பெட்டியிலிருந்து வண்டு கொட்டுவதைப் பார்த்தார்கள். பிரிந்த பட்டைகளுக்கு நடுவே, நாட்டுமருந்துக் கடைக்காரர் சரக்கில் குத்துகிற ஊதா முத்திரை பாதி தெரிந்தது.

எங்கள் இரண்டு பேரையும் பார்லருக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு தட்டில் அந்தப் பெட்டி கிடந்தது. மதர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது. தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"செசிலி, இது நீ செய்ததா?"

உன் அம்மா குனிந்து பார்த்தாள். கீழ்வரிசையில் சாய்வு மாறிய இலையை அவள் விரல் தேடிப்போய்த் தொட்டதை நான் பார்த்தேன். "ஆமாம் மதர். நான் செஞ்சதுதான்."

"என்னுடையது எங்கே?"

அவள் என்னைப் பார்த்தாள். ரீத்தா, உன் அம்மா என்னை இருபத்தைந்து வருடம் பார்த்திருக்கிறாள். அன்றைக்குப் பார்த்த மாதிரி பார்த்ததில்லை. அதில் கோபம் இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வரட்டும் என்று காத்திருப்பார்களே, அந்த மாதிரி. வாயை வைத்தே பிழைத்தவன் நான். ஒரு பதில் சொல்ல ஒன்பது பதில் கையில் வைத்திருப்பவன். நான் சுவரைப் பார்த்தேன். அந்தப் பார்லர் சுவரில் எத்தனை பல்லி இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்: மூன்று.

"தெரியாது மதர்," என்றாள் உன் அம்மா. அதுவும் உண்மைதான். பெட்டி எந்த ஊருக்குப் போனது என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். கடை வாசலில் நின்று புதுப் பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்தாள். "பெயிண்டு நல்லாருக்கு," என்றாள். நான் அழுதேன், அழுதது உண்மை. நாளைக்கே போய் மதரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லுங்க."

"நீயே அங்க சொல்லியிருக்கலாமே செசிலி?"

"நான் சொன்னா அது கோளு. நீங்க சொன்னாத்தாங்க அது உண்மை."

மறுநாள் மடத்து வாசல் வரைக்கும் போனேன். கேட்டுக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். அவருக்கு அரசலாற்று முகத்துவாரத்தில் திமிங்கலம் ஒன்று முன்சீப் கோர்ட்டுக்கு வழி கேட்ட கதையைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் உன் அம்மாவுக்கு வேலை போனது. உன்னை மடத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் போட்டோம். அங்கேயும் உனக்குப் "பொட்டி" என்று பட்டப்பெயர் வந்து சேர்ந்தது. தாயத்துப் பட்டை வாங்கினவள்தானே, மதரையே வசியம் பண்ணியிருப்பாள் என்று கோயிலுக்கு வருகிறவர்களே பேசினார்கள். அடுத்த வருடம் மதர் ஊருக்குத் திரும்பிப் போனார். இரண்டு வருடத்தில் அங்கே இறந்துபோனதாகக் கேள்வி. சொல்லவேண்டிய ஆளிடம் சொல்லாமலே தப்பித்துவிட்டேன் என்று, கடவுள் மன்னிக்கட்டும், எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு வந்த பெரும்புயலில் என் பலகை பறந்து போனது. அது கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரையாக இருக்கிறது என்று சொல்லித் திரிந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா சிரிக்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸிலிருந்து இந்தப் பன்னிரண்டு வருடத்தில் என் கதை எதற்கும் அவள் சிரிக்கவில்லை. கடைகளுக்குப் பாவாடை தைத்தாள், ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தாள், எனக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள். ஊரையே சிரிக்கவைத்தேன். எனக்கு வேண்டிய ஒரு சிரிப்பு மட்டும் கிடைக்கவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் அப்பன் எழுதுகிற கடிதத்தில் அது இல்லாவிட்டால் கடிதமாகத் தெரியாது. உன் புருஷன் நன்றாகப் பேசுகிறவன், கல்யாணத்திலேயே கவனித்தேன். நன்றாகச் சிரி. ஆனால் அவன் ஒரு பொருளைக் காட்டிப் பேசும்போது, அதைச் செய்தது யார் என்று ஒரு தடவை கேட்டுவை. அவன் நாற்பது பேர் என்று சொன்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடு. தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் அது ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் தள்ளினால் ஒரு மனுஷியையே கேட்கும். பாரீசில் எந்தக் காட்சிசாலையிலாவது கண்ணாடிக்குள் இப்படி ஒரு பெட்டியைப் பார்த்தால், கீழே செய்தவர் பெயர் இல்லாத அட்டை இருந்தால், கொஞ்ச நேரம் நில். இடதுகைக்காரியா, பல் இருக்கிறதா என்று பார். உன் அம்மா அப்படித்தான் பார்த்தாள்.

இனி போன மாதம். சென்னைக்குப் போக வேன் வாசலில் நிற்கிறது. உன் மாமனார் வீட்டார், நம் சொந்தம், எதிர்வீட்டுக்காரர் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். உன் அம்மா உள்ளேயிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தாள். ஜெபமாலை வைக்கிற அளவுக்குச் சின்னப் பெட்டி. பூர்ஜப் பட்டை, குதிரை முடி. இந்தத் தடவை பசை இல்லை, ஓரமெல்லாம் தையல். ஆளும் இல்லை, கூடையும் இல்லை. நீலப் பூ மட்டும். உள்பக்கம் மூடியில் "செசிலி" என்று தைத்திருந்தாள். எப்போது தைத்தாள் என்று எனக்கே தெரியாது. நீ அதை வாங்கித் திறந்துகூடப் பார்க்காமல் கேட்டாய்: "இது யாரு வீட்லேருந்தும்மா எடுத்தது?" எல்லோரும் சிரித்தார்கள். லக்கேஜ் அதிகம் என்று அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறினாய். வேன் போன பிறகும் அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நீ கேட்டதில் உன் குற்றம் ஒன்றும் இல்லை. உனக்குச் சொல்லித்தந்தது அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை முடித்துவிட்டேன் என்று நினைத்து, இன்று காலை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொக்கி தைத்துக்கொண்டே கேட்டாள். மூஸ் கொம்பில் தலை நிமிரவில்லை, திமிங்கலத்தில் நிமிரவில்லை, பார்லரில் மட்டும் ஊசி நின்றது. படித்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"குதுரை திருநள்ளாறெல்லாம் போவல. அத அடிச்சிடுங்க."

"அடிச்சிடுறேன்."

"வேன்கிட்ட நடந்தத முழுசா எழுதல."

"எழுதியிருக்கேனே. அவ கேட்டது, எல்லாரும் சிரிச்சது..."

"மொதல்ல சிரிச்சது யாருன்னு எழுதல."

ஆகவே எழுதுகிறேன், ரீத்தா. நீ கேட்டதும் ஒரு நொடி எல்லோரும் என்ன செய்வது என்று தெரியாமல்தான் நின்றார்கள். உன் மாமியார் தலை குனிந்துகொண்டார். அந்த ஒரு நொடியில் உன் அம்மா என் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, மறுபடியும், பார்லரில் பார்த்த அதே மாதிரி. நான் சிரித்தேன். சத்தமாக, ஊருக்குச் சிரிக்கிற சிரிப்பு. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சிரித்தார்கள். குதிரையை அடித்துவிடு, திமிங்கலத்தை அடித்துவிடு, கொழும்புக் கூரையையும் அடித்துவிடு. இந்தச் சின்ன இடம் மட்டும் உண்மை.

அப்பா